பணியேற்பு, பணிவிடுவிப்பு, இதர

எங்கள் அலுவலகத்தில் யாருக்கு எந்த ஊருக்கு மாறுதல் என்பது முதலில் வாசல் டீக்கடைக்காரருக்குத் தெரியும். அடுத்து பக்கத்து வட்டாரத்துக் கணக்காளருக்கு. அதற்கடுத்து சம்பந்தப்பட்டவரின் மாமியாருக்கு. ஆணை கைக்கு வந்து சேரும்போது அந்த மனிதர் புது ஊரில் வீடு பார்த்து, அட்வான்ஸ் பேசி, பால்காரர் வரைக்கும் விசாரித்து முடித்திருப்பார். ஆணையைப் படித்ததும் கொஞ்சம் அதிர்ச்சியடைந்து காட்ட வேண்டும் என்பது மட்டும் மரபு.

அலுவலகம் என்றால் வட்டார வள மையம். 2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் (எஸ்.எஸ்.ஏ.) என்று ஒன்று வந்ததே, அதன் கடைசிக் கண்ணி. 2018இல் இடைநிலைக் கல்வித் திட்டத்தையும் சேர்த்து 'ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி' ஆக்கினார்கள். பலகை மாறியது, முத்திரை மாறியது, கடிதத்தாள் மாறியது. ஊரில் யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் 'எஸ்.எஸ்.ஏ. ஆபீஸ்'தான். ஒன்றிய நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் இருக்கிறோம். பள்ளி மணி அடித்தால் எங்களுக்கும் பசிக்கும். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பள்ளிகளைப் பார்வையிடுவது, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு வேண்டியதைச் செய்வது ஆகியவை எங்கள் வேலை. மீதி நேரத்தில் புள்ளிவிவரம். எழுதும்போது இப்படித்தான் எழுத வேண்டும். நடப்பில் எது மீதி நேரத்தில் நடக்கிறது என்று கேட்காதீர்கள்.

புதிதாக வந்த மேற்பார்வையாளருக்கு ஒரு யோசனை தோன்றியது. சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் தோன்றும். இவருக்கு அது இரண்டாவது வாரமும் நீடித்தது.

"மேடம், மாசாமாசம் ஒரு பக்கம். நம்ம ஸ்டாஃப் பத்தின செய்தி. யார் வந்தாங்க, யார் போனாங்க, என்ன நடந்துச்சு. அறிவிப்புப் பலகையில ஒட்டலாம், மாவட்டத்துக்கும் ஒரு காப்பி அனுப்பலாம். நீங்க தமிழ் மேஜர், உங்களுக்கு என்ன கஷ்டம்?"

தமிழ் படித்துவிட்டு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் பழக்கமானது. விழாவுக்கு வாழ்த்துமடல், சாவுக்கு இரங்கல் சுவரொட்டி, சிறப்பு விருந்தினரின் ஜீப் வழியில் நின்றுவிட்டால் அவர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்கும் சொற்பொழிவு எல்லாம் நம் தலையில். கணக்குப் படித்தவரிடம் யாரும் 'உங்களுக்கென்ன, கல்யாணச் செலவைக் கூட்டிக் கொடுங்கள்' என்று கேட்பதில்லை.

முதல் செய்தியை ஆசையோடுதான் எழுதினேன். 'எங்களோடு சிரித்துப் பழகிய ஆங்கிலப் பயிற்றுநர் சொந்த மாவட்டத்துக்கு மாறுதல் பெற்றுச் செல்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அவர் கொண்டுவரும் எலுமிச்சைச் சாதத்துக்காக இனி ஏங்குவோம்.'

மேற்பார்வையாளர் சிவப்பு மையால் எலுமிச்சையைச் சுற்றி வட்டம் போட்டார். "இதுக்கு என்ன பார்வை, மேடம்?"

அரசுக் கடிதத்தில் 'பொருள்' என்று ஒன்று இருக்கும். அதன் கீழே 'பார்வை'. யாருடைய செயல்முறைகள், ந.க. எண் என்ன, நாள் என்ன என்று அங்கே காட்ட வேண்டும். பார்வை இல்லாத வாக்கியம் தகப்பன் பெயர் இல்லாத விண்ணப்பம் மாதிரி, ஜன்னலிலேயே திருப்பிவிடுவார்கள். எலுமிச்சைச் சாதத்துக்கு நான் எந்த ஆணையைக் காட்டுவது? திருத்தி எழுதியது இப்படி வந்தது: 'பார்வையில் காணும் செயல்முறைகளின்படி, இம்மையத்தில் பணிபுரிந்த ஆசிரியர் பயிற்றுநர் 30ஆம் நாள் பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.' சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டது போலத் தொனித்தது. ஒருவகையில் அவர் முகமும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் 'பிற்பகல்' இருக்கிறதே, அதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. முற்பகலா பிற்பகலா என்பதை வைத்துத்தான் அன்றைய சம்பளம் எந்த அலுவலகத்தின் தலையில் விழும் என்று தெரியும். ஒருமுறை ஒருவரை முற்பகலிலேயே விடுவித்துவிட்டோம். மதியம் வழியனுப்பு விழா, பிரியாணி. நாலாவது கரண்டி விழுந்தபோது கணக்காளர் கையை நிறுத்திவிட்டு, "சார் இப்ப எந்த ஆபீஸ் ஸ்டாஃபா இருந்து சாப்பிடுறார்?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார் என்று இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை.

மாறுதல் கலந்தாய்வு நெருங்கிவிட்டால் எங்கள் மையத்தில் பள்ளிப் பார்வை என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் செல்போன் சிக்னல் கிடைக்கும் பள்ளியாகப் பார்த்துக் கிளம்புவார்கள். "லிஸ்ட் வந்துருச்சாம்" என்பார் ஒருவர். யார் சொன்னது? "சொன்னாங்க." துறையின் எமிஸ் இணையத்தளத்தில் ஏறிவிட்டதா? "ஏறப் போகுதாம்." சென்னையில் துறைத் தலைமையகமான டி.பி.ஐ. வளாகத்தில் தெரிந்தவர் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் ஒவ்வொரு மையத்திலும் உண்டு, எங்களவரும் அப்படித்தான். அந்தத் தெரிந்தவர் அங்கே என்ன வேலையில் இருக்கிறார் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. வளாகத்தின் எதிர்ப்புறம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்பது என் ஊகம். எங்களவர் சொன்னது பெரும்பாலும் பலித்ததற்கும் அதுதான் காரணமாக இருக்க முடியும்.

கணக்குப் பயிற்றுநரின் கதை தனி. அவருக்கு மனமொத்த மாறுதல் வேண்டும். அதாவது அவர் போக நினைக்கும் ஊரில் இருப்பவர் இங்கே வர ஆசைப்பட வேண்டும். பதவி ஒன்றாக இருக்க வேண்டும், பாடம் பொருந்த வேண்டும், அந்த வீட்டு அம்மாவுக்கு எங்கள் ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ள வேண்டும். கனிந்து வந்த ஓர் இடம், எங்கள் ஊரிலிருந்து கடைசிப் பேருந்து எட்டரைக்கே போய்விடுகிறது என்ற தகவலில் முறிந்துபோனது. இவர் மகளுக்கு அதற்குள் நல்ல இடத்தில் கல்யாணமே முடிந்துவிட்டது.

'கூடுதல் பொறுப்பு' என்ற தலைப்பில் எழுதத் தொடங்கினேன், பக்கம் போதவில்லை. அறிவியல் பயிற்றுநர் ஒருவரிடம் மட்டும் எண்ணும் எழுத்தும், வானவில் மன்றம், கலைத் திருவிழா, பள்ளி மேலாண்மைக் குழு, இல்லம் தேடிக் கல்வி, மகிழ் முற்றம் எல்லாம் இருந்தன. மகிழ் முற்றத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணியாகப் பிரிக்க வேண்டும். "சார், நீங்க எந்தத் திணை?" என்று கேட்டால், "பிரிதலும் பிரிதல் நிமித்தமும், குடும்பத்தை விட்டு" என்பார். அறிவியல்காரருக்கு அகத்திணை தெரிந்திருப்பது தமிழ்க்காரியான எனக்குப் பெருமைதான். போன மாதம் ஓய்வுபெற்ற ஒருவரின் பொறுப்புகளும் அவரிடமே வந்து சேர்ந்தபோது, 'மாற்று ஏற்பாடு செய்யப்படும் வரை' என்று ஆணையில் இருந்தது. அரசாங்கத்தில் இதைவிட நிரந்தரமான வேலை கிடையாது.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். எங்களுக்குள்ளும் அந்தப் பிரிவு உண்டு. எமிஸில் நுழையத் தெரியாதவர் அரும்பு. நுழைந்துவிட்டு வெளியே வரத் தெரியாதவர் மொட்டு. கடவுச்சொல்லை மற்றவர்களுக்கும் சேர்த்து நினைவில் வைத்திருப்பவர் மலர். எங்கள் மையத்தில் மலர் ஒன்றே ஒன்று. அந்தப் பையன் கணினி விவரப் பதிவாளர். அவன் ஒருநாள் விடுப்பு எடுத்தால் வட்டாரத்துக் கல்வி அன்றைக்கு இருபது ஆண்டு பின்னுக்குப் போய்விடும்.

பணிநிறைவு என்ற தலைப்புக்குத்தான் எங்கள் மையத்தில் காவியம் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். பள்ளியில் சேர்க்க வந்த பிள்ளை வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம். தலைமையாசிரியர் பேனாவை உதறி ஒரு மே மாதத்தை எழுதிக்கொள்வார். அப்போது அவர் உதறிய மை இப்போது மே 31 தோறும் எங்கள் மேல் சால்வையாக விழுகிறது.

எங்கள் மூத்த பயிற்றுநர் 2020 மே 31இல் ஓய்வுபெற வேண்டியவர். மூத்தவர் என்றால் சும்மா இல்லை. 2007இல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது பள்ளி பள்ளியாகப் போய், பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடிக்க வைத்தவர். பாய்விரித்து உட்கார்ந்து அட்டை எடுத்துக்காட்டி முட்டி தேய்ந்தவர். 'மே வந்தா எனக்கு 58, அப்புறம் இந்த எமிஸ் யாரோட கழுத்தை வேணாலும் பிடிக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டே, தன் கடவுச்சொல்லை வேண்டுமென்றே மறந்திருந்தார்.

பிப்ரவரியிலேயே வசூல் முடிந்து மோதிரம் வாங்கியாயிற்று. மார்ச்சில் பயிற்சிக் கையேட்டு வேலையாக அச்சகத்துக்காரர் வந்தபோது, சொந்தக் காசில் வாழ்த்துமடலையும் கொடுத்துவிட்டோம். எழுதியது நான். 'ஐம்பத்தெட்டில் ஐயா விடைபெற' என்று மோனை துள்ளத் தொடங்கும். சட்டம் போட்டுக் கண்ணாடியும் மாட்டி வந்தது. அந்த மாதமே ஊரடங்கு. மே 7ஆம் தேதி அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது.

அன்றைக்கு இரவு தொலைபேசியில் அவர் குரலில் மகிழ்ச்சியா துக்கமா என்று பிரிக்க முடியவில்லை. "மேடம், மடல்ல ஒரு எண்ணு மட்டும் மாத்திக்கலாம்ல?" என்றார். மாற்றினோம். ஐம்பத்தொன்பதுக்கும் மோனை நின்றது. அச்சகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றி ஒரு துண்டுத்தாள் ஒட்டினார். மோதிரம் பீரோவுக்குள், பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகளுக்கு அடியில் போனது. இவர் கடவுச்சொல்லை மீட்டெடுக்க மலரிடம் போய் நின்றார்.

2021 பிப்ரவரியில் வயது 60 ஆனது. இப்போதுதான் என் மோனை தளர்ந்தது. 'அறுபதில் ஐயா' என்று இன மோனையோடு விட்டுவிட்டால் எந்தத் தமிழாசிரியைக்கும் தூக்கம் வராது. ஓர் இரவு யோசித்து 'அறுபதில் அண்ணல் விடைபெற' என்று மாற்றினேன். ஒரே ஒட்டுத்தாளில் அவர் அண்ணல் ஆகிவிட்டார். பணிக்காலத்தில் கிடைக்காத பதவி உயர்வு இது என்று அவரே சொல்லிச் சிரித்தார். இரண்டு தாள் ஒட்டியதில் மடல் தடித்து, கண்ணாடி ஒரு மூலையில் சட்டத்துக்குள் உட்கார மறுத்தது. செல்லோடேப் போட்டு நிறுத்தினோம்.

அந்த நீட்டிப்பில்தான் இல்லம் தேடிக் கல்வி வந்தது. தன்னார்வலர்களைத் தேடி, மாலை நேரத்தில் தெருத்தெருவாக அலைந்தார். நடுவில் தங்கம் விலை ஏறிக்கொண்டே போனது. "நம்ம ஆபீஸ்ல போட்ட பணத்துல வளர்ந்தது இது ஒண்ணுதான்" என்றார் கணக்காளர். அவர் பீரோ சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளத் தொடங்கியதும் அப்போதுதான். ஒருவழியாக 2022 மே 31 வந்தது. மேடையில் மோதிரத்தை எடுத்தால், அதற்குள் அவர் விரல் பெருத்துவிட்டிருந்தது. சுண்டு விரலில் பாதி தூரம் போய் நின்றது. அந்தக் கையை உயர்த்திக் காட்டியபடியே ஏற்புரை ஆற்றினார். அடுத்த இரண்டு வாரத்தில், ஜூன் 13இல், எண்ணும் எழுத்தும் தொடங்கியது. அன்று காலை அவர் எங்கள் அனைவருக்கும் வாழ்த்துச் செய்தி அனுப்பினார். அவ்வளவு உற்சாகமான வாழ்த்தை அவரிடமிருந்து நாங்கள் அதற்கு முன் பெற்றதில்லை.

சால்வைகள் என்னவாகின்றன என்று கேட்பீர்கள். எங்கள் இயன்முறை மருத்துவர் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பிள்ளைகள் பிடித்து நடை பழகும் இணைக் கம்பிகளில் சுற்றிவைத்தால் கை வழுக்காது. ஜரிகை உள்ள பக்கம் குத்தும் என்பதால் உள்ளே மடித்துவிடுவார்.

சம்பளச் செய்தியை எங்கள் மாதச் செய்திமடலில் போடவில்லை. போட்டால் அது அரசியல் பக்கமாகிவிடும். 2024இல் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத் தகராறில் ஒன்றிய அரசு எங்கள் திட்டத்துக்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்திவைத்தது ஊரறிந்தது. அந்தச் செப்டம்பர்ச் சம்பளம் தள்ளிப்போனபோது டீக்கடையில் எங்கள் மையத்துக்குத் தனி நோட்டு திறந்தார்கள். கடைக்காரர் நாளிதழை எங்களுக்கு முன்பாகவே படித்துவிட்டு, "டீச்சர், டெல்லியில பேச்சுவார்த்தைன்னு போட்டிருக்கான், இன்னொரு டீ சாப்பிடலாம்" என்பார். கல்விக் கொள்கையை அவ்வளவு கவனமாகப் பின்தொடர்ந்த குடிமகனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்று மாதம் செய்திமடல் போட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது. எங்கள் மையத்தில் சிலர் பெயர் எந்தத் தலைப்பிலும் வருவதேயில்லை. சிறப்புப் பயிற்றுநர்கள், இயன்முறை மருத்துவர், விவரப் பதிவாளர் எல்லோரும் தொகுப்பூதியக்காரர்கள். மாறுதல் கலந்தாய்வில் அவர்களுக்கு இடமில்லை, பதவி உயர்வுப் பட்டியலில் பெயரில்லை, விடைபெறும் நாளில் மோதிரமும் இல்லை. செய்தி ஆவதற்குக்கூட ஒருவர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டியிருக்கிறது. "எங்களைப் பத்தி என்ன மேடம் எழுதுவீங்க, 'வழக்கம்போல் வந்தார்'னா?" என்று சிறப்புப் பயிற்றுநர் கேட்டார். கேட்டுவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டார். அவருக்கு அன்று வீட்டுவழிப் பயிற்சி; பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் நாள்.

அடுத்த வாரம் நானும் இயன்முறை மருத்துவரும் அவரோடு போனோம். வாய்க்காலை ஒட்டிய குடியிருப்பு, மூளை முடக்குவாதம் உள்ள பையன், ஒன்பது வயது. சிறப்புப் பயிற்றுநர் பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்தார். காம்பில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றித் தடிமனாக்கியிருந்தார். மெல்லிய காம்பு அவன் பிடியில் நிற்காது. இயன்முறை மருத்துவர் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். முதல் வாய்த் தயிர்சாதம் காதுக்குப் போனது, அடுத்தது எனக்கு வந்தது. அதற்கடுத்தது வாய்க்குள் போனது. பையன் ஸ்பூனைத் திருப்பித் தர மறுத்துவிட்டான். அவன் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "இனி அக்காகாரி தட்டுலயும் கைய வைப்பான், எனக்கு ரெண்டு பஞ்சாயத்து" என்று புலம்பினாள். புலம்பல் நெடுநேரம் நீண்டது, உற்சாகமாகவே.

அதை 'இதர' என்ற தலைப்பில் எழுதினேன். ஸ்பூன், டியூப், தயிர்சாதம் எல்லாம் இருந்தது. மேற்பார்வையாளர் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பார்வை?" நான் மேலே எழுதிக் கொடுத்தேன்: 'பார்வை: நேரில்.' கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அப்படி ஒரு விதி இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

மாவட்டத்தில் யாரோ உண்மையிலேயே படித்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு வாட்ஸப்பில் செய்தி வந்தது. 'மிக மிக அவசரம். வட்டாரத்தில் தாமாக உணவு உண்ணத் தொடங்கிய மாற்றுத்திறன் மாணவர்களின் விவரத்தை இணைப்பில் உள்ள படிவத்தில் இன்று மாலை 4 மணிக்குள் அனுப்புதல் வேண்டும். இன்மை எனில் இன்மை அறிக்கை அனுப்பப்பட வேண்டும். இதில் ஏற்படும் காலதாமதத்துக்குத் தாங்களே முழுப் பொறுப்பு.' படிவத்தில் வரிசை எண், எமிஸ் எண், பள்ளி, வகுப்பு, வலக்கையா இடக்கையா, உண்ணத் தொடங்கிய நாள், மு.ப. அல்லது பி.ப. என்று கலங்கள். இதற்கென வட்டாரத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்து அவர் கைபேசி எண்ணையும் தர வேண்டும். மேற்பார்வையாளர் என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. என் பெயரைத் தட்டச்சு செய்து பக்கத்தில் (பொ) என்று போட்டார்.

"மேடம், பி.ப.ன்னே போட்டுக்கங்க," என்றார் இயன்முறை மருத்துவர், கம்பியில் சால்வையைச் சுற்றிக்கொண்டே. "நாம போனப்ப மணி ஒண்ணே காலு."